கிருபாபாய் வீட்டு மெஷினில் நான்கு காயில்கள் கருகிய விவரம்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகிற பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்துவிட்டால் அன்றைக்கு முழுக்க நான் நல்ல மனிதனாக இருப்பேன். இது என் மனைவி கருத்தம்மா கண்டுபிடித்தது. நான் சொல்லப்போகிற அந்த நாளிலும் எனக்கு ஜன்னலோர இடம் கிடைத்திருந்தது. ஆகவே பஸ்ஸின் மேல் பழியைப் போட வழியில்லை.

என் பெயர் ஆவுடையப்பன். தேரடிக்குப் பக்கத்தில் மிக்ஸி, கிரைண்டர், வெந்நீர் ஹீட்டர் பழுது பார்க்கிற கடை வைத்திருக்கிறேன். என்னைக் 'காயில் டாக்டர்' என்று சொல்வார்கள். அந்தப் பட்டத்தை முதலில் சொன்னவன் நான்தான். யாரும் மறுக்காததால் அது நின்றுவிட்டது.

1989இல் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி ஆலை வைத்திருந்த ஞானதுரை அண்ணாச்சி வீட்டுக்கு ஒரு பாத்திரம் கழுவும் மெஷின் வந்தது. அவர் மனைவி கிருபாபாயின் தம்பி ஜெர்மனியிலிருந்து கப்பலில் அனுப்பியது. அதைப் பூட்டிக் கொடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். அப்படி ஒரு மெஷினை நான் அதற்கு முன் படத்தில்கூடப் பார்த்ததில்லை. "இதெல்லாம் எம்புட்டோ பார்த்தாச்சு" என்றுதான் சொன்னேன்.

வீடு நிறைய ஆட்கள் கூடி நின்றார்கள். பட்டனை அழுத்தினேன். மெஷின் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு நின்றுவிட்டது. மாடித் தொட்டியில் தண்ணீர் குறைவு. போதுமான தண்ணீர் உள்ளே வராமல், தண்ணீரைச் சுடவைக்கிற காயில் சூடாகக் கூடாது என்று, அதைத் தடுக்க ஒரு சுவிட்ச் வைத்திருந்தான் வெள்ளைக்காரன். பத்துப் பேர் என் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கீழ்மூடியைக் கழற்றி, அந்த சுவிட்ச்சுக்குப் போகிற இரண்டு ஒயரையும் சேர்த்து முறுக்கி, சிவப்பு டேப் சுற்றினேன். மெஷின் ஓடியது. கைதட்டினார்கள். பாயாசம் கொடுத்தார்கள். இரண்டு டம்ளர் குடித்தேன். டேப்பை மறந்துபோனேன். இதுவரை நடந்தது முட்டாள்தனம் மட்டும்தான். அதற்கு யாரும் தண்டனை கொடுப்பதில்லை.

இரண்டு மாதத்தில் முதல் காயில் கருகியது. கரண்ட் ஏறி இறங்குகிறது என்றேன். ஜெர்மனியிலிருந்து வேறு காயில் வந்தது. அதுவும் கருகியது. உப்புத் தண்ணீர் என்றேன். மூன்றாவதை மதுரையில் சொல்லிச் செய்து கொண்டுபோனேன். அது கருகியபோது மதுரைக்காரனைத் திட்டினேன். நான்காவதும் கருகியபோது திட்டுவதற்கு ஆள் மிச்சமில்லை. ஞானதுரை அண்ணாச்சி, "என்ன டாக்டர், இன்னுமா சீக்கு பிடிபடல?" என்று சிரித்தார். அவர் சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை.

இனி இசக்கியம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் பதினோரு வருஷமாகப் பாத்திரம் கழுவி வந்தவள். சோழபுரத்துக்காரி, புருஷன் இல்லை, ஒரே மகள். மெஷின் வந்ததும் அதை ஓட்டுகிற வேலையையும் அவளிடமே விட்டார்கள். நான் போகும்போதெல்லாம் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு மெஷினைக் கவலையோடு பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒருமுறை இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினாள். "பாருங்க அண்ணாச்சி, சாம்பலும் சோப்பும் பட்டு வெடிச்சுக் கெடந்த கை. இது வந்த பொறவுதான் ஆறியிருக்கு. எப்படியாச்சும் நல்லாக்கிக் குடுத்துருங்க."

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நானும் வைத்திருந்தேன்.

ஜன்னலோர இடம் கிடைத்த அந்த நாளில், மெஷினை முதல் முறையாகத் தலைகீழாகச் சாய்த்து ஒவ்வொரு ஒயராகப் பார்த்தேன். அதுவரை காயிலைப் பின்மூடி வழியாகவே மாற்றியிருந்தேன். சிவப்பு டேப் கண்ணில் பட்டது. நான் டேப் சுற்றினால் கடைசிச் சுற்றை மடித்து விடுவேன். அது என் வழக்கம். கடைசிச் சுற்று மடித்திருந்தது. தொட்டியில் தண்ணீர் குறைந்த நாளெல்லாம் காயில் வெறும் வயிற்றோடு காய்ந்து கருகியிருக்கிறது. நான்கு காயிலையும் கொன்றது டாக்டர்தான்.

அப்போது கிருபாபாய் பின்னால் வந்து நின்றார். "கண்டுபிடிச்சிட்டீகளா?"

"கண்டுபிடிச்சிட்டேன்மா" என்றேன். அதுவரை உண்மை.

"என்னதாம் கோளாறு?"

எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வாக்கியம். 'என் தப்பும்மா' என்று சொல்லியிருந்தால் ஞானதுரை அண்ணாச்சி இன்னொரு முறை சிரித்திருப்பார், அவ்வளவுதான். நான் டேப்பை உள்ளங்கையில் மூடிக்கொண்டு சொன்னேன்: "மெஷின்ல கோளாறு இல்லம்மா. ஓடிக்கிட்டு இருக்கும்போது யாரோ தண்ணிக் குழாய மூடுதாக. தண்ணி இல்லாமக் காயில் கருகிப்போகுது."

"யாரு மூடப்போறா? இசக்கி மட்டுந்தான அடுக்களையில நிக்கா?"

"நான் யாரு பேரையும் சொல்லலம்மா" என்றேன். "மெஷின் வந்தா நம்ம வேலை போயிருமோன்னு சில பேருக்குப் பயம் வரும். பாவம்."

அந்தப் 'பாவம்' என்ற சொல்லைச் சேர்த்ததில் எனக்கு அப்போது கொஞ்சம் திருப்தி இருந்தது.

கிருபாபாய் அடுக்களைப் பக்கம் திரும்பி, "ஏட்டி இசக்கி, இங்க வா" என்று கூப்பிட்டார். நான் குனிந்து ஒயர்களைப் பிரித்து, வெள்ளைக்காரன் வைத்திருந்தபடியே சுவிட்ச்சில் மாட்டினேன். பின்னால் நடந்த பேச்சு காதில் விழுந்தது. இசக்கியம்மாள் சத்தம் போடவில்லை. "நான் தொடலக்கா" என்று மூன்று முறை சொன்னாள். மறுநாளிலிருந்து அவளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். புதுக் காயில் பூட்டப் போனபோது, மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பிக்கொண்டு ஓட்டுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு காயில் கருகவே இல்லை. எப்படிக் கருகும்? அவள் போனாள், மெஷின் நன்றாக ஓடுகிறது. இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று ஊரே பேசியது. சிவகாசியிலிருந்துகூட என்னைத் தேடி ஆள் வந்தார்கள். ஆளைப் பார்க்காமலே ஆளைப் பிடித்த மெக்கானிக் என்றார்கள். வேறு எந்த வீட்டிலும் இசக்கியம்மாளை அடுக்களைக்குள் விடவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் அவள் என் கடைக்கு வந்தாள். சோழபுரத்திலிருந்து வெயிலில் வந்த களைப்பு முகத்தில் இருந்தது. ஸ்டூலைக் காட்டினேன். உட்காரவில்லை.

"செத்த நேரம் பேசணும் அண்ணாச்சி. எம் மக அழகுத்தாய்க்குக் கூமாப்பட்டியில பேசி முடிச்சிருந்தோம். மொதலாளி வீட்டு மெஷினக் கெடுத்தவ மக வேண்டாம்னுட்டாக. நான் அந்தக் குழாயத் தொட்டதே இல்ல. ஒங்களுக்குத் தெரியும்லா? நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

"நான் என்ன சொல்ல?" என்றேன். "நீங்க போன பொறவு ஒரு தடவகூடக் கருகலயே."

அவள் தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். அந்த விஷயத்தை அவளும் ராத்திரியெல்லாம் யோசித்திருக்க வேண்டும். பிறகு மெல்லக் கேட்டாள்: "அப்ப, எனக்குத் தெரியாமலே மூடியிருப்பனோ?"

நான் ஒரு கிரைண்டர் மோட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைப்பதை நிறுத்தவில்லை. "இருக்கலாம்" என்றேன். "வேல மும்முரத்துல கை தானா போகும். மறதி எல்லாருக்கும் வரும். பெரிசா எடுத்துக்கிடாதீக."

ஆறுதல் சொல்வது எனக்கு நன்றாக வரும். அவள் தலையாட்டினாள். நேரே கிருபாபாய் வீட்டுக்குப் போய், "நாந்தாங்க்கா மூடியிருக்கேன், நெனப்பு இல்லாம மூடிட்டேன், மன்னிச்சிருங்க" என்று அழுதிருக்கிறாள். கிருபாபாய் மன்னித்தார். வேலைக்கு மட்டும் திரும்ப எடுக்கவில்லை. செய்யாத தப்பை அவள் வாயாலேயே ஒப்புக்கொண்டபின், என் பொய்க்கு என் துணை தேவைப்படவில்லை. அது தன் காலில் நின்றது.

பிறகு அவள் பட்டாசு செய்கிற வெடி ஆபீசுக்கு வேலைக்குப் போனாள். காலையில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். 1992 பங்குனியில் ஒரு அறை தீப்பிடித்தது. நான்கு பெண்கள். மூன்று பேர் அங்கேயே போய்விட்டார்கள். இசக்கியம்மாள் மதுரை ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தாள்.

அவள் சாவுக்குத் துட்டி கேட்கச் சோழபுரம் போனேன். போகாமல் இருந்தால் நன்றாக இருக்காது என்று போனேன். அழகுத்தாய் எழுந்து வந்து என் முன்னால் நின்று சொன்னாள்: "அம்மா மூணு நாளும் ஒரே பேச்சுதான் மாமா. குழாயத் தொறந்துட்டனா, குழாயத் தொறந்துட்டனான்னு கேட்டுக்கிட்டே கெடந்தா. தொறந்துட்டம்மா, தொறந்துட்டன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்."

"மயக்கத்துல அப்படித்தான் பேசுவாக" என்றேன். அவள் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். குடித்தேன்.

கிருபாபாயும் வந்திருந்தார். என்னைத் தனியே கூப்பிட்டு, "அண்ணாச்சி, நான் அவளுக்கு அநியாயம் செஞ்சிட்டனோ?" என்று கேட்டுக் கண்ணைத் துடைத்தார். "நீங்க என்ன செய்வீகம்மா? அவளே ஒத்துக்கிட்டாள்லா" என்று தேற்றி அனுப்பினேன். அன்றைக்கு நான் தேற்றிய இரண்டாவது ஆள் அவர்.

இது நடந்து ஆறு வருஷம் ஆகிறது. இப்போது எழுதுவதற்குக் காரணம் மனச்சாட்சி என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். எழுதி எழுதிப் பார்த்தேன், அந்தச் சொல் என் கையெழுத்தில் நன்றாக இல்லை. ஆகவே விவரத்தை மட்டும் எழுதுகிறேன். இசக்கியம்மாள் குழாயை மூடவில்லை. ஒயரை முறுக்கியது நான். தெரிந்தே அவள் மேல் போட்டது நான். அவளையே நம்பவைத்ததும் நான். அந்த வேனில் அவளை ஏற்றியது நான்.

இந்தத் தாளைக் கடையில் மேஜைக்குள் வைத்துப் பூட்டுகிறேன். கிருபாபாய் அம்மா உயிரோடு இருக்கிற வரைக்கும் இதை யாரும் வெளியே எடுக்க வேண்டாம். அவருக்கு இதய பலவீனம், தாங்கமாட்டார். அவருக்காகத்தான் யோசிக்கிறேன், மற்றபடி இதை நாளைக்கே தேரடியில் நின்று வாசிக்கச் சொன்னாலும் நான் தயார்.