மிதக்கும் வீட்டின் மின்சாரம்

மின்விசிறியை நிறுத்தியதற்கு நன்றி ஐயா. வியர்த்தாலும் பரவாயில்லை, மெஷின் ஓடும்போது எனக்குப் பேச வராது. நான் திருச்செங்கோட்டு ஆள், பெயர் நாச்சிமுத்து. பாதி ஆயுள் போர்வெல் லாரியோடு வடநாட்டில் போய்விட்டது. கம்ப்ரஸர் ஓடினால் பக்கத்தில் நிற்பவன் கத்துவதுகூடக் கேட்காது, எல்லாம் கைச்சாடைதான். இன்ஜின் நின்றால்தான் ஆட்கள் ஒன்றுகூடுவார்கள், பீடி பற்றவைப்பார்கள், ஊர்க்கதை பேசுவார்கள். வண்டி ரிப்பேர் ஆனால் முதலாளிக்கு வயிற்றெரிச்சல், எங்களுக்குத் திருவிழா.

பனமரத்துப்பட்டி ஏரியில் மிதந்த அந்தச் சின்ன வெள்ளை வீட்டைப் பார்த்திருப்பீர்கள். நிலமே இல்லாத, முழுக்கக் கடலான ஒரு கிரகத்தில் மனிதர்கள் குடியேறினால் வெயிலையும் காற்றையும் மட்டும் நம்பிப் பிழைக்க முடியுமா என்று பார்க்கும் சோதனை. தண்ணீரில் சோலார் தகடுகள், ஒரு காற்றாடி. பேட்டரிகளும் சுவிட்சும் கரைக் கொட்டகையில், என் பொறுப்பில். வீட்டுக்குள் வினோலியா மட்டும். சேலத்துப் பெண். வெளிக்காற்று புகாதபடி அடைத்த வீடு. அவள் மூச்சுக்காற்றைச் சுத்தம் செய்யும் மெஷினும் அந்த மின்சாரத்தில்தான் ஓடியது. வேற்றுக் கிரகத்தில் பேச்சுத்துணை ஏது? அதனால் எங்களுக்குள் பேச்சே கூடாது என்பது விதி. மின்சாரம் போனால் மட்டும், தனி பேட்டரியில் ஓடும் வயர்லெஸ்ஸில் கூப்பிடலாம்.

ஒரு மூட்டமான நாளில் பேட்டரி இறங்கிவிட்டது.

“அண்ணா, கரண்ட் போயிருச்சுங்கண்ணா. இருக்கறீங்களா?”

இருக்கிறாயா என்று யாரும் என்னைக் கேட்டு நெடுங்காலம் ஆகியிருந்தது. என் பெண்டாட்டி அங்கம்மாள் செத்த பிறகு என் வீட்டில் ரேடியோகூட நான் திருகினால்தான் பேசும். அன்று வினோலியா நிறையப் பேசினாள். அவள் அம்மா செல்வமேரி வைக்கும் மீன் குழம்பு, கோயில் பாடல் குழுவில் தனக்கு வராத சுருதி, எல்லாம். மின்சாரம் வந்ததும் “வெச்சர்றங்கண்ணா” என்றாள். பிறகு ஏரியில் ஒரு சத்தமும் இல்லை.

அதற்குப் பிறகு சுவிட்சை நானே இறக்கினேன். முதலில் எப்போதாவது, பிறகு தினமும். பேசி முடித்ததும் ஏற்றிவிடுவேன், அதில் தவறியதில்லை. வெயில் கொளுத்தும்போது கரண்ட் ஏன் போகிறது என்று கேட்டாள். தகட்டில் கொக்கு எச்சம் என்றேன். நம்பினாள். நல்ல பெண்.

கடைசியாகப் பேசிய அன்று மதியம் அவளுக்கு ஒரே சந்தோஷம். “நாளான்னிக்கு வீட்டுக்குப் போறேங்கண்ணா” என்றாள். வழக்கத்தைவிட நேரமாகியும் நான் சுவிட்சை ஏற்றவில்லை. தலை வலிக்கிறது என்றாள்.

“கதவத் தொறந்துக்கட்டுங்களாண்ணா?”

கதவு உள்ளிருந்தே திறக்கும். திறந்தால் சோதனை அன்றே முடிந்தது, அவளும் போய்விடுவாள்.

“வேண்டாஞ் சாமி. இத்தன நாளு இருந்தது வீணாப் போயிரும். இதா கரண்ட் வந்துரும், நீ பேசிக்கிட்டே இரு.”

என் பேச்சை நம்பித்தான் அவள் திறக்கவில்லை. அது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. கொஞ்ச நேரத்தில் நாக்குக் குழறியது. தூக்கமாக வருகிறது என்றாள். சரி, களைத்துப் போயிருக்கிறாள் என்று நானே பேசத் தொடங்கினேன். வடநாட்டில் பார்த்தவை, அங்கம்மாளின் கோபம், யாரிடமும் சொல்லாத எல்லாவற்றையும் சொன்னேன். பொழுது சாயும்வரை குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சுவிட்ச் கைக்கெட்டும் இடத்தில்தான் இருந்தது. தெரிந்தே ஏற்றாமல் விட்டேன். அவளைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவளைத் தனியாக விடவில்லை, அதையும் எழுதுங்கள்.

ஏன் ஐயா எழுந்துவிட்டீர்கள்? மின்விசிறி இன்னும் கொஞ்ச நேரம் நின்றே இருக்கட்டும்.