அந்தோணிராஜ் பூட்டிவிட்டுப் போகவில்லை

மேடையில் நம் சங்கத் தலைவர் சுப்பண்ணன் அவர்கள் இருக்கிறார்கள். முன்வரிசையில் மறைந்தவரின் துணைவியார் ரோஸ்மேரி, தூத்துக்குடியிலிருந்து வந்திருக்கும் மறைந்தவருடைய அண்ணன். அடுத்து சங்கத்தைச் சேர்ந்த ஆறு பனியன் கம்பெனிகளின் உரிமையாளர்கள், ஒருவரும் விடுபடாமல். கட்டிங் மாஸ்டர் ராக்கையா. சுவரோரமாக, ஷிப்ட் முடிந்து நேராக வந்திருக்கும் தையல் பிரிவுப் பெண்கள். எல்லோருக்கும் வணக்கம்.

சங்கத்தின் கணினிப் பொறுப்பாளர் அந்தோணிராஜ் அவர்களைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். மேடைப் பேச்சு எனக்குப் பழக்கமில்லை. வீட்டிலிருந்தபடியே எங்கள் கம்பெனிக் கணக்கை எழுதுகிறவள் நான். நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன்.

என்ன வேலை செய்தார் அந்தோணிராஜ்? நம் ஆறு கம்பெனிகளின் டிசைன், அளவு விவரம், ஷிப்பிங் பேப்பர் எல்லாம் சென்னையில் ஒரு சர்வரில் இருக்கின்றன. அதற்குள் போகக் கடவுச்சொல் கிடையாது, சாவிதான். சாவி என்பது அவருடைய கம்ப்யூட்டரில் இருந்த ஒரு கோப்பு. அதையும் ஒரு நீளமான ரகசிய வாக்கியத்தால் பூட்டி வைத்திருந்தார். காலையில் தலைவரின் கம்பெனியிலுள்ள கம்ப்யூட்டர் அறைக்கு வந்ததும் கருப்புத் திரையில் கட்டளை தட்டி, ஏஜென்ட் என்ற சின்ன புரோகிராமை எழுப்புவார். வாக்கியத்தை ஒரே ஒரு முறை தட்டுவார். சாவி ஏஜென்டின் நினைவில் ஏறிவிடும். அதன்பின் எத்தனை முறை உள்ளே போய் வந்தாலும் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

தட்டும்போது அவருக்கு உதடு அசையும். ராக்கையா விடுவாரா?

"என்னப்பா அந்தோணி, செபம் முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சுண்ணே. இனி ஏஜென்ட் பாத்துக்குவான்."

"அவனுக்குச் சம்பளம் யாரு குடுக்கா? உன் சம்பளத்துலயா, முதலாளி கணக்குலயா?"

இப்படி ஒரு சிரிப்போடுதான் அந்த அறையில் வேலை ஆரம்பிக்கும்.

டீ குடிக்க எழுந்தாலும் ஏஜென்டிடமிருந்து சாவியை எடுத்துவிட்டுத்தான் போவார். ஒருநாள் தலைவருக்கே கோபம் வந்துவிட்டது.

"ஏனுங்க அந்தோணி, டீக்கடைக்குப் போறதுக்கெல்லாமுங்களா சாவிய உருவிட்டுப் போவீங்க? ஆர்டர் குடுக்கற பையர் போன் லைன்ல நிக்கறாருங்க!"

"என் சாவில யாரு போனாலும் அந்தோணிராஜ் வந்தான்னுதான் அங்க பதிவாகும் முதலாளி. நான் டீக்கடையில நிக்கையில நானே உள்ள போயிருக்கக் கூடாதுல்ல?"

தலைவர் சிரித்துவிட்டார். பையரும் காத்திருந்தார்.

ஆளுக்கொரு சாவி செய்து தருகிறேன் என்று எத்தனை முறை கேட்டார்! பொதுப் பாதியைச் சர்வரில் வைத்துவிடுகிறேன், ரகசியப் பாதி உங்களிடமே இருக்கட்டும் என்றார். நானும் இன்னொருவருமாக இரண்டு கம்பெனியிலிருந்துதான் போய்ச் சாவி வாங்கினோம், அதைக் கையாளவும் கற்றுக்கொண்டோம். எங்கள் சாவிகள் அவரவர் பகுதியை மட்டும் திறக்கும். மொத்தச் சர்வருக்கும் இன்னொரு சாவி நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள் என்று தலைவரிடம் கேட்டார். "நீங்க இருக்கறப்ப எனக்கெதுக்குங்க" என்று தலைவர் சொல்லிவிட்டார். அன்பில் சொன்ன வார்த்தை அது.

போன வாரம் ஒரு முற்பகலில், நாற்காலியில் இருந்தபடியே அந்தோணிராஜ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். ராக்கையா ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினார். சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்தது.

செய்தி வந்ததும் என்ன செய்தோம்? துக்கமென்றால் கம்பெனியை நிறுத்துவது நம் வழக்கம். ஒரு ஓவர்லாக் மெஷின் ஓடினாலும் இறந்தவருக்கு மரியாதைக் குறைவு. தலைவர் தம் கையாலேயே மெயின் சுவிட்சை இறக்கினார். கம்ப்யூட்டர் அறையில் யு.பி.எஸ். கத்தியது. இந்த நேரத்தில் இது கத்தலாமா என்று யாரோ அதையும் அணைத்தார்கள்.

மறுபடி அவருடைய கம்ப்யூட்டரைப் போட்டபோது, கருப்புத் திரை அந்த வாக்கியத்தைக் கேட்டது. யாருக்குத் தெரியும்? அன்றிலிருந்து ஒரு பேச்சு சுற்றுகிறது. அந்தோணிராஜ் பூட்டிவிட்டுப் போய்விட்டாராம்! ஆறு கம்பெனியையும் கையில் பிடித்து வைத்திருந்தாராம்! துக்க வீட்டிலேயே ரோஸ்மேரியிடம் ஒருவர் கேட்டிருக்கிறார்: "உங்களுக்காச்சும் சொல்லியிருப்பாருங்களே?"

ரோஸ்மேரி சொன்ன பதிலை நான் பக்கத்திலிருந்து கேட்டேன்: "எங்கிட்டச் சொல்ற வார்த்தையா இருந்தா, அதை அவரு பூட்டாவா வச்சிருப்பாரு?"

அந்தோணிராஜ் பூட்டிவிட்டுப் போகவில்லை! டீக்கடைக்குப் போகும்போதுகூடச் சாவியை எடுத்தவர், அன்று எடுக்கவில்லை. நமக்காகத் திறந்து வைத்துவிட்டுப் போனார் என்று அழகுக்காகச் சொல்லமாட்டேன். எடுக்க அவருக்கு நேரமில்லை, அவ்வளவுதான். அன்று சாயங்காலம் வரை ஏஜென்ட் சாவியை வைத்துக்கொண்டுதான் இருந்தது. விவரம் தெரிந்த ஒருவர் போய் உட்கார்ந்திருந்தால், புதுச் சாவியைச் சேர்த்திருக்கலாம். மின்சாரம் போனால் ஏஜென்ட் எல்லாவற்றையும் மறந்துவிடும். அது அப்படித்தான் செய்யப்பட்டது. அப்படியானால் பூட்டியது யார்? மரியாதை செய்த நாம். தலைவர்மேல் குறையில்லை. அங்கே யார் இருந்தாலும் அந்த சுவிட்சை இறக்கியிருப்பார்கள்.

ஆகவே ரோஸ்மேரியிடம் இனி யாரும் அந்த வாக்கியத்தைக் கேட்க வேண்டாம். அந்தோணிராஜ் கர்த்தருடைய நிழலில் இளைப்பாறட்டும். நான் கும்பிடும் பூண்டி முருகனிடமும் அவருக்காக வேண்டியிருக்கிறேன்.

அவர் வேலை நிற்கக் கூடாது. ஆறு உரிமையாளர்களும் கையெழுத்திட்டுக் கேட்டால், சர்வரை நேரில் திறந்து நாம் சொல்கிறபடி செய்து தருவதாகச் சர்வரை வைத்திருக்கும் சென்னைக்காரர்கள் சொல்கிறார்கள். ஒரே கடவுச்சொல்லை எல்லோரும் வைத்துக்கொள்ளலாம் என்று உங்களில் சிலர் சொல்கிறீர்கள். அந்தோணிராஜின் வழி வேறு: ஆளுக்கொரு சாவி, மொத்தச் சர்வருக்குமான சாவி இருவரிடம். அந்த வழிக்கு நீங்கள் சம்மதித்தால், ஆறு கம்பெனிக்கும் சாவி செய்து, ஏஜென்டைக் கையாளச் சொல்லித் தரும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன். கிறிஸ்துமஸ் ஆர்டரின் அளவு விவரம் உள்ளேதான் இருக்கிறது. அதனால் சம்மதமா இல்லையா என்று ஆறு பேரும் வெள்ளிக்கிழமைக்குள் எனக்குப் பதில் சொல்லிவிடுங்கள்.