உண்ணி மருந்து

உண்ணியை விரலால் பிடுங்கக் கூடாது ஐயா. தலை தோலுக்குள்ளேயே தங்கிவிடும். புருவம் எடுக்கிற இடுக்கியால் அடியில் பிடித்து, நிதானமாக இழுக்க வேண்டும். எனக்கு நிதானம் உண்டு. பதினாறு வருஷம் துணிக் கம்பெனியில் காஜா எடுத்த கை இது.

நாய் என் வீட்டுக்காரருடையது. வாதம் வந்து வலது பக்கம் விழுந்து, பேச்சும் போன பிறகு, நாய் பக்கத்தில் படுத்தால்தான் சோற்றுக்கு வாய் திறப்பார். கட்டிலில் இரண்டு பேர், துடைத்துவிட நான் ஒருத்தி. நாயைப் பார்த்தால் சிரிப்பார். என்னைப் பார்த்தால் சுவரைப் பார்ப்பார். அதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

மழை விட்டதும் உண்ணி வந்தது. முதலில் நாயின் காதுக்குள், பிறகு மெத்தை மடிப்பில், சுவரில். ஒருநாள் அவர் கழுத்தில் ஒன்று, ரத்தம் குடித்து ஆமணக்கு விதை மாதிரி. வேலைக்குப் போவதை விட்டேன். மெத்தையை எரித்தேன். வெந்நீர் ஊற்றித் தரையைத் தேய்த்தேன். உட்கார்ந்தாலும் படுத்தாலும் உடம்பெல்லாம் ஊறியது.

பக்கத்து வீட்டு அக்கா, "நாயை யாருக்காவது குடுத்துடேன்டி" என்றாள்.

"அப்புறம் அவரு சாப்பிட மாட்டாருக்கா."

நாய் டாக்டர் மருந்து கொடுத்தார். "ஒரு வாளித் தண்ணிக்கு ஒரு மூடி. கையில படாமப் பாத்துக்குங்க, விஷம்மா அது" என்றார். ரப்பர் உறை போட்டுக்கொண்டுதான் நாயைக் குளிப்பாட்டினேன். நான் பொறுப்பில்லாதவள் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் நாயை அக்கா வீட்டில் கட்டிவிட்டு வந்தேன். அவர் சட்டையைக் கழற்றினேன். பாட்டிலில் இருந்ததைத் துணியில் ஊற்றி, காதுக்குப் பின்னால், கழுத்து, அக்குள் என்று தேய்த்தேன். தண்ணீர் கலக்கவில்லை. இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். இரண்டு வருஷத்தில் அவராக என்னைத் தொட்டது அன்றைக்குத்தான்.

"கொஞ்சம் பொறுத்துக்குங்க, முடிஞ்சிரும்" என்றேன்.

வாயில் நுரை வந்தது. துடைத்துவிட்டேன். கதவைச் சாத்திவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தேன். நாய் குரைத்துக்கொண்டே இருந்தது. அது ஓய்ந்த பிறகுதான் உள்ளே போனேன்.

உண்ணிக்காகத்தான் செய்தேன் என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீங்களும் எழுதிக்கொண்டீர்கள். அதை அடித்துவிடுங்கள் ஐயா. திங்கட்கிழமையே நாயை டாக்டரிடம் காட்டினேன். காதைத் திருப்பிப் பார்த்தார், விரலிடுக்கை விரித்துப் பார்த்தார். "ஒண்ணுகூட இல்லம்மா. மிச்ச மருந்தக் கொட்டிடுங்க" என்றார்.

நான் கொட்டவில்லை.