பொகைக்கு ஒரு அளவு

அவருதாங்க சார். அந்த மனுவுல மொதக் கையெழுத்து எங்க வூட்டுக்காரருதுதான். கோவிந்தராசுன்னா இந்தத் தெருவுல அவரு ஒருத்தருதான். வர்ற நேரந்தான், உக்காருங்க. நான் அவரு சம்சாரம், கன்னியம்மா. டீ போடறேன். அடுப்பு எரிஞ்சிக்கினுதான் இருக்குது, வேணான்னு சொல்லாதீங்க.

அந்தத் துணியா? காலைல வெள்ளையாத்தான் சார் காயப்போட்டேன்.

இன்னொரு கம்பெனி வருதா? அதுக்குப் பொகை அளவு வெக்கறதுக்கு முன்னாடி, இங்க வெச்ச அளவு எப்படி நடக்குதுன்னு கேக்க வந்தீங்களா. சொல்றேன்.

இந்த இரும்பு உருக்குற கம்பெனி வரப்போவுதுன்னதும் இவருதான் மொதல்ல எழுந்தாரு. அப்ப மில்லுல வேலை இருந்துது. ஷிப்டு முடிஞ்சி வந்து சோறுகூடத் துன்னாம மனுவுல கையெழுத்து வாங்க வூடு வூடாப் போவாரு. கம்பெனி வரட்டும், வேணாங்கல, பொகைக்கு ஒரு அளவு வெச்சிட்டு வரட்டும்னாரு. மேரியில, அதான் முனிசிபல் ஆபீசுல, கூட்டம் போட்டாங்க. அவ்ளோ ஆபீசருங்க முன்னாடி எழுந்து பேசினாரு. கம்பெனி மொதலாளியே வந்து கையப் புடிச்சிக் குலுக்கினாரு சார். இவ்ளோதான் பொகை விடணும்னு எழுதினாங்க. வடிகட்டுற மிஷினு வெக்கணும்னாங்க. அன்னிக்கி ஊரே இவரைத் தோள்ல தூக்காத கொறைதான்.

வெச்சாங்களே, பெரிய மிஷினாத்தான் வெச்சாங்க. ஓடினா கரண்டைத் தின்னுதாம். ஆபீசு ஜீப்பு வந்தா ஓடும், போனா நின்னுடும். அளக்குறப்பல்லாம் அளவு சரியாத்தான் இருக்கும். இவரு உங்க ஆபீசுக்கு நடையா நடந்தாரு. காகிதத்துல எல்லாம் சரியாத்தானே இருக்குதுன்னு அனுப்பிட்டாங்க. நீங்க இல்ல சார், உங்களுக்கு முன்னாடி இருந்தவரு.

தெருக்காரங்களை இன்னா சொல்றது. எதிர்வூட்டு பலராமன் மொவனுக்கு அங்கதான் வேலை. இந்தக் கோவிந்தராசு கம்பெனிய மூட வெச்சிடுவான்னு, கல்யாணத்துக்குக்கூட எங்களைக் கூப்புடல. அப்புறம் மில்லுல ஆளைக் கொறைச்சாங்க, இவரு வூட்டோட உக்காந்துட்டாரு. வாசல்ல உக்காந்து அந்தச் சிம்னியவே பாத்துக்கினு இருப்பாரு. ஒரு நாளு, போதும் கன்னியம்மான்னாரு.

சூடா இருக்குது, பாத்துக் குடிங்க.

இப்பவா? வேலைக்குத்தான் போயிருக்காரு. மொதலாளியே ஆள் வுட்டுக் கூப்புட்டாரு. அதே கம்பெனியிலதான் சார், கேட்டுல வாச்மேன். ரோட்டு முனையில ஜீப்பு திரும்பறது அவருக்குத்தான் மொதல்ல தெரியும். தெரிஞ்சதும் உள்ள மணி அடிக்கணும். அதுக்குத்தான் எடுத்தாங்க. உங்க ஜீப்பு வந்ததும் அடிச்சிருப்பாரு. நீங்க நிதானமாக் குடிச்சிட்டே போங்க சார். போறப்ப பாருங்க, பொகையே இருக்காது.