கைராசிக்காரன்

என் கடையில் இருந்தது ஒரே ஒரு மின்விசிறி. அதை எப்போதும் வாடிக்கையாளர் பக்கம்தான் திருப்பி வைத்திருப்பேன். சித்திரை வெயிலில் விருத்தாசலத்தில் ஷட்டருக்குள் உட்கார்ந்து டைப் அடிப்பது என்றால் என்னவென்று உங்களுக்கே தெரியும் சார். இருந்தும் ஒருநாள்கூட அதை என் பக்கம் திருப்பியதில்லை. யாரை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள். அடுத்தவருக்குக் கெடுதல் நினைக்கிற ஆள் நான் இல்லை.

களைப்பாக இருக்கிறது. காலையிலிருந்து இதையேதான் சொல்கிறேன். மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொல்கிறீர்கள். சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

பெயர் குருமூர்த்தி. ஜங்ஷன் ரோட்டில் டிடிபி கடை. கூடவே இரண்டு கம்ப்யூட்டர் போட்டு பிரவுசிங். கல்யாணப் பத்திரிகை, பயோடேட்டா, கல்லூரிப் பிள்ளைகளின் ப்ராஜெக்ட் என்று வேலை வரும். அதில் பாதி, வாட்டர்மார்க் எடுக்கிற வேலை. தாளின் குறுக்கே சாய்வாக, வெளிறிய சாம்பல் நிறத்தில் ‘மாதிரி’ என்றோ ‘டிராஃப்ட்’ என்றோ ஓர் எழுத்து தெரியுமே, அதுதான். பிள்ளைகள் அதைக் கிளிக் செய்து செய்து பார்ப்பார்கள், அசையாது. ஏனென்றால் அது பக்கத்தில் இருப்பதில்லை. பக்கத்தின் மேலே ஹெட்டர் என்று ஒரு பகுதி உண்டு, அதற்குள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஹெட்டரைத் திறந்து, எழுத்தின் ஓரத்தைத் தொட்டு டெலிட் அடித்தால் போய்விடும். சில ஃபைல்களில் முதல் பக்கத்தில் போனது மூன்றாம் பக்கத்தில் அப்படியே நிற்கும். கடைசிப் பக்கம் வரை பார்த்து எடுக்க வேண்டும். நான் பார்த்துத்தான் எடுப்பேன். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது.

பீங்கான் பட்டறைக்காரர்கள் பலருக்கு அப்போது சொந்த இமெயில் கிடையாது. அவர்களுக்கு வர வேண்டியதெல்லாம் என் கடை ஐடிக்கு வரும். நான் போன் செய்வேன், வந்து பிரிண்ட் வாங்கிப் போவார்கள். விருத்தகிரி அண்ணனும் அப்படித்தான் வந்தார். அவர் பட்டறையில் கரண்ட் கம்பத்துக்கான சாமான் செய்தார்கள். கம்பம் சாயாமல் தரையோடு இழுத்துக் கட்டுகிற ஸ்டே கம்பியைப் பார்த்திருப்பீர்கள். அதன் நடுவில் முட்டை மாதிரி ஒரு பீங்கான் இருக்கும். மேலே கரண்ட் கம்பி அறுந்து ஸ்டே கம்பிமேல் விழுந்தாலும், கரண்ட் கீழே இறங்காமல் பிடித்து வைப்பது அந்த முட்டைதான்.

ஒவ்வொரு சூளைச் சரக்கிலிருந்தும் கொஞ்சம் எடுத்துச் சென்னையில் ஒரு சோதனைக் கூடத்துக்கு அனுப்புவார்கள். அங்கே முட்டையை உடைத்துச் சாயத் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். நன்றாக வெந்த பீங்கானுக்குள் சாயம் போகாது. சாயம் போனால் மழைத் தண்ணீரும் போகும். முதல் தடவை பார்த்ததும், ‘தேறியது’ என்றால் அப்படியே எழுதி, குறுக்கே ‘டிராஃப்ட்’ என்று வாட்டர்மார்க் போட்டு அனுப்புவார்கள். முழுக்க ஊறிய பிறகு மறுபடி பார்த்துத்தான் வாட்டர்மார்க் இல்லாத கடைசி ரிப்போர்ட் வரும்.

ஒருநாள் அண்ணன் டிராஃப்டைப் பிடித்துக்கொண்டு என் மேசை முன்னால் நின்றார். கம்பம் நடுகிற ஒப்பந்ததாரர் லாரியோடு பட்டறை வாசலில் நிற்கிறாராம், சர்ட்டிபிகேட் இல்லாமல் ஏற்ற மாட்டேன் என்கிறாராம்.

“என்னா குரு, பேப்பரு அழுக்கா இருக்குது. இந்த அழுக்க எடுத்துக் குடுய்யா.”

“அழுக்கு இல்லைங்கண்ணே. வேலை இன்னும் முடியலைன்னு அவங்க போட்டிருக்காங்க.”

“முடிஞ்சுடும்யா. வேற மாதிரி வந்துச்சுன்னா லோட நான் திருப்பிக்கிறேன். குடோன்லதானே கெடக்கப் போவுது. நாளைக்கேவா கம்பத்துல மாட்டப் போறான்?”

எடுத்துக் கொடுத்தேன். அவர் சொன்னபடியே கடைசி ரிப்போர்ட்டும் நல்லபடியாக வந்தது. அடுத்தடுத்த சரக்குகளுக்கும் அப்படியே நடந்தது. ஒருநாள் டீக்கடையில் நாலு பேர் முன்னால் சொன்னார், “நம்ம குரு கையால பிரிண்ட் எடுத்தா ரிஜெக்ட்டே ஆவாதுய்யா. கைராசிக்காரன்.”

சூளை வைத்திருக்கிறவர்களிடம் இது லேசான சொல் இல்லை சார். அதே மண், அதே நெருப்பு. ஒரு தடவை கணீரென்று வரும், அடுத்த தடவை கோணிக்கொள்ளும். காரணம் சொல்ல ஆள் இல்லை. அதனால் யார் கை பட்டது என்று பார்ப்பார்கள். அந்தத் தை மாதம் புதுச் சூளை ஒன்றுக்கு முதல் தீ வைக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். மாலை போட்டார்கள். கல்யாணத்துக்குப் பிறகு என் கழுத்தில் விழுந்த ஒரே மாலை அது. மற்ற பட்டறைக்காரர்களும் சென்னைக்கு என் ஐடியையே கொடுக்க ஆரம்பித்தார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் என்னுடையதைவிட நல்ல பிரிண்டர் வைத்த கடை ஈ ஓட்டிக்கொண்டிருந்தது.

போன வருடம் ஆடியில், விருத்தகிரி அண்ணனின் சரக்குக்குக் கடைசி ரிப்போர்ட் வந்தது. சாயம் நடு வரைக்கும் இறங்கியிருந்தது. ரிஜெக்ட். டிராஃப்டின் வாட்டர்மார்க்கை எடுத்து முன்னமே கொடுத்திருந்தேன், லோடு போயிருந்தது. ஆனால் குடோனில்தான் கிடந்தது. திருப்பியிருக்கலாம். அதை நான் மறைக்கவில்லை.

ரிப்போர்ட்டைத் திரையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். பட்டறையில் பெண்கள் நிறையப் பேர் கூலி வேலை பார்த்தார்கள். லோடு திரும்பினால் அவர்கள் அடுப்பு எரியாது. அவர்களை நினைத்துத்தான் செய்தேன். அப்போது பார்த்து அண்ணன் உள்ளே வந்தார். கூட, பெண்ணாடத்திலிருந்து புதிதாகப் பட்டறை போட வந்தவர் ஒருவர். “இவுருதான் நான் சொன்ன கைராசிக்காரரு” என்று அவரிடம் காட்டிவிட்டு, “வந்துச்சா குரு?” என்றார்.

“வந்துடுச்சுங்கண்ணே. பாஸு.”

பழைய டிராஃப்டைத் திறந்தேன். ஹெட்டருக்குள் போய் எழுத்தை எடுத்தேன். தேதியை மாற்றினேன். கடைசிப் பக்கம் வரை பார்த்தேன். அவர்கள் கண் முன்னால்தான் எல்லாம் நடந்தது, திரை மட்டும் என் பக்கம் திரும்பியிருந்தது. மெஷின் கக்கிய தாளைப் பெண்ணாடத்துக்காரர் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவர்கள் போன பிறகு ரிஜெக்ட் ரிப்போர்ட்டை அழித்தேன்.

அந்த வாரமே சென்னையிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். ரிஜெக்ட் ஆனதைப் பட்டறைக்காரரிடம் சொல்லிவிட்டீர்களா, சரக்கை நிறுத்திவிட்டாரா என்று கேட்டாள். சொல்லிவிட்டேன், நிறுத்திவிட்டார் என்றேன். நன்றி சொன்னாள். மரியாதையான குரல்.

அதற்கப்புறம் வேறு பட்டறைகளுக்கும் இரண்டொரு தடவை அப்படி வந்தது. கொஞ்சம் கூடுதலாகவும் இருக்கலாம். எந்தெந்தச் சரக்கு, எந்தெந்த ஊர்க் கம்பத்துக்குப் போனது என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். நினைவில்லை சார். இன்பாக்ஸில் இடம் கிடையாது, வந்ததும் அழித்துவிடுவேன். சென்னையில் இருக்கும், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஐப்பசி மழையில் கம்மாபுரம் பக்கம் நடந்தது உங்களுக்குத் தெரியும். சிந்தாமணி என்ற அம்மாள், ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டு வந்தவர், சேற்றில் வழுக்காமல் இருக்க ஸ்டே கம்பியைப் பிடித்திருக்கிறார். மேலே கரண்ட் கம்பி அறுந்து ஸ்டே கம்பியில் கிடந்ததை யாரும் பார்க்கவில்லை. அவரை இழுக்கப் போன புருஷன் கருப்பனும் போய்விட்டார். பேப்பரில் உள்பக்கத்தில் சின்னதாகப் போட்டிருந்தார்கள்.

முட்டையைக் கழற்றி உடைத்துப் பார்த்ததில் உள்ளே ஈரம். பட்டறை முத்திரையும் இருந்தது. அண்ணன் என் கடைக்கு வந்து உட்கார்ந்தார். சட்டையெல்லாம் நனைந்திருந்தது.

“குரு, அந்தச் சரக்குக்குப் பாஸுன்னுதானே வந்துச்சு?”

“ஆமாங்கண்ணே.”

“நீ கண்ணால பாத்தியா?”

“பாத்துத்தானே பிரிண்ட் எடுத்தேன்.”

“அப்ப பேப்பரு தப்பில்ல. என் சூளதான் தப்பு. வேகாதத வெந்துச்சுன்னு அனுப்பியிருக்கேன். ரெண்டு உசுருய்யா” என்றார். போயிட்டு வரேன் என்று எழுந்தவர் நேராக உங்கள் ஸ்டேஷனுக்குத்தான் வந்தார். அன்றிலிருந்து ஜெயிலில் இருக்கிறார். சரியாகச் சாப்பிடுவதில்லை என்று கேள்வி.

அவர் மனைவி செல்வநாயகி அண்ணி ஜாமீன் மனு டைப் அடிக்க என்னிடம்தான் வந்தார்கள். வக்கீல் கொடுத்துவிட்ட ஃபைலில் ‘மாதிரி’ என்று வாட்டர்மார்க் இருந்தது. எடுத்துவிட்டு அடித்துக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. “தம்பி, உங்க கையால குடுத்தா வெளிய வந்துடலாம்னு அவுரு சொல்லி அனுப்புனாரு” என்றார்கள். மனு தள்ளுபடியாகிவிட்டது. அதில் மட்டும் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

சென்னைக்காரர்கள் தங்களிடம் இருந்த ரிஜெக்ட் ரிப்போர்ட்டை உங்களுக்கு அனுப்பிவிட்டார்கள். என் கடையின் பிரிண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினீர்கள். அதன் பிறகு நான் ஒன்றையும் மறுக்கவில்லை. அந்த பிரிண்ட் என்னுடையது. அழித்தது நான். விருத்தகிரி அண்ணனுக்கு எதுவும் தெரியாது.

ஆள் சாவார்கள் என்று தெரிந்துதான் செய்தாயா என்கிறீர்கள். தெரியாது சார். நான் டைப் அடித்துப் பிழைக்கிறவன். மண் வெந்ததா வேகவில்லையா, கரண்ட் எங்கே இறங்கும் என்பதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருந்தால் செய்திருப்பேனா?

ஒரே ஒரு உதவி. வெளியே மழைக்கு இருட்டிக்கொண்டு வருகிறது. என் மகள் சண்முகப்ரியா டியூஷன் விட்டு வருகிற நேரம். எங்கள் தெரு முனையில் புதுக் கம்பம் நட்டிருக்கிறார்கள். ஸ்டே கம்பி பக்கமே போகாதே, எதிர்ப்புறமாக வா என்று சொல்லித்தான் வைத்திருக்கிறேன். சின்னப் பிள்ளை, மழையைக் கண்டால் மறந்துவிடும். வீட்டுக்கு ஒரு போன் போட்டு ஞாபகப்படுத்தச் சொல்லுங்கள்.

எப்போது சொல்லி வைத்தேன் என்றா கேட்கிறீர்கள்? ஆடியிலேயே சொல்லிவிட்டேன் சார், அந்த ரிஜெக்ட் ரிப்போர்ட் வந்த அன்று சாயங்காலமே. தெருவுக்குப் புதுக் கம்பம் வரப்போகிறது என்று அப்போதே பேச்சு இருந்தது. பிள்ளை விஷயத்தில் நான் எதையும் நாளைக்கு என்று தள்ளிப்போடுவதில்லை.