ஒன்பது மில்லிமீட்டர்

– இன்னொரு தடவ சொல்லுங்க, டாக்டரம்மா.

– நாப்பத்தெட்டு மில்லிமீட்டர் இருந்த கட்டி, இப்ப ஒம்பது.

– நாலு தடவ மருந்து ஏத்தினதுக்கா? ஸ்கேன் படம் மாறிப் போயிருக்கும். வேற யாரோடதோ.

– இங்க பாருங்க ஐயா, தோள்பட்டையில கம்பி தெரியுது. நீங்க லாரிக்கு அடியில மாட்டி எலும்பு ஒடஞ்சப்ப, ஆறு ஸ்குரூ போட்டு முறுக்கினது. இந்த ஊர்ல வேற யாருக்கு இருக்கு?

– அது என்னோடதுதான்.

– நுரையீரலும் உங்களோடதுதான். இன்னும் ரெண்டு தடவ மருந்து பாக்கி. ஆனா நான் எதிர்பாத்ததுக்கு மேலயே கேட்டிருக்கு.

– செத்துப்போன எங்க அண்ணனுக்கும் இதே நோய், இதே மருந்துதானே? அவருக்கு மட்டும் ஏன் கேக்கல?

– உங்க மெக்கானிக் பாஷையிலயே சொல்றேன். இந்த மருந்து புற்று செல்லுக்குள்ள போய் டிஎன்ஏவ முறிக்கும். முறிஞ்சபடியே கெடந்தா செல்லு செத்துடும். ஆனா செல்லுக்குள்ளயே அதப் பழுது பாக்கறதுக்கு ஒரு கூட்டம் இருக்கு.

– உள்ளயும் ஒரு பட்டறையா?

– ஆமா. பட்டறை மும்முரமா இருந்தா, மருந்து முறிக்க முறிக்க ஒட்டிக்கிட்டே இருக்கும். உங்க கட்டியில அந்தப் பட்டறை முக்காவாசி பூட்டிக் கெடக்கு. மருந்து ஏத்தறதுக்கு முன்னாடியே பரிசோதனையில பாத்துட்டோம்.

– நாப்பது வருஷமா பழுது பாக்குறவன் நெஞ்சுல, பழுது பாக்கத் தெரியாத கட்டி. வெளிய சொல்லிடாதீங்க, தொழில் படுத்துடும்.

– சிரிக்கறீங்களா, அழறீங்களா?

– ரெண்டும்தான். அண்ணன் மருந்தே வேணாம்னாரு. நாந்தான் கையப் புடிச்சு இழுத்துட்டு வந்தேன். கடைசி மூணு மாசம் வாந்தியிலயே போச்சு. ஆறு வருஷமா அண்ணி என் மொகத்துல முழிக்கல. தெருவுல நான் வந்தா அந்தப் பக்கம் திரும்பிடுவாங்க. நியாயந்தானே.

– அவரோட கட்டியில அப்ப எடுத்த சின்னத் துண்ட மெழுகுல பதிச்சு இங்கயே வச்சிருந்தோம். போன மாசம் அதையும் பரிசோதிச்சேன். பட்டறை முழு வீச்சுல ஓடியிருக்கு. மருந்து தோத்ததுக்கு அதுதான் பெரிய காரணமா இருக்கணும். அந்தக் காலத்துல இந்தப் பரிசோதனை எங்ககிட்ட கெடையாது.

– அப்ப நான் கூட்டிட்டு வந்தது?

– தப்பே இல்ல, ஐயா. கொஞ்சம் முன்னாடி வந்திருந்தாலும் இந்த மருந்து அவருக்குக் கேட்டிருக்கும்னு நான் நெனைக்கல.

– இருங்க. அவரோட துண்ட எடுக்க வீட்டு ஆளு கையெழுத்து வேணுமே. யாரு போட்டது?

– உங்களுக்கு நோய்னு கேள்விப்பட்டு, அவங்களாவே வந்து போட்டாங்க. வாசல்லதான் நிக்கறாங்க. உள்ள வாங்கம்மா.

– அண்ணி.

– எந்திரிக்காதீங்க தம்பி, உக்காருங்க. முன்னாடியே வந்திருந்தாலும் மருந்து கேட்டிருக்காதுன்னு டாக்டரம்மா சொன்னத நானும் கேட்டேன்.

– அண்ணி, நீங்க என்மேல கோவமா இருந்ததுல...

– உங்கமேல எனக்கு என்ன கோவம்? நீங்க கூப்பிட்ட அன்னிக்கே அனுப்பாம, பச்சிலைச் சாறு குடுத்து ரெண்டு மாசம் அவரப் பூட்டி வச்சது நான். அண்ணனக் கொன்னவ இவதான்னு நீங்க நெனைப்பீங்கன்னுதான், ஆறு வருஷமா உங்க மொகத்தப் பாக்க பயந்தேன்.