ஆளுக்கொரு சிட்டிகை

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் தொழிற்சங்கத் தலைவர் அவர்களே, அனலைத் தோளிலும் குடும்பத்தை நெஞ்சிலும் சுமக்கும் உழைப்பாளர்களே, உழைத்து ஓய்ந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாக ஓடி வந்திருக்கும் தாய்மார்களே, என் கணவரோடு ஒரே மேசையில் உண்ட தோழர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

அவருடைய முதலாண்டு நினைவு நாளில் என்னை மேடையேற்றியிருக்கிறீர்கள். தையல் தொழிலாளர் சங்கத்துக்காக எத்தனையோ மேடைகளில் முழங்கியவள்தான் நான். இன்று முழங்கத் தெம்பில்லை. அவர் நல்லவர், வல்லவர் என்று நாலு வார்த்தை சொல்லிவிட்டு இறங்குவேன் என்று தலைவர் நினைத்திருப்பார். பொறுத்துக்கொள்ளுங்கள் ஐயா, நான் உப்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

பின்வரிசையில் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. சிரியுங்கள். உப்பைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் சொன்னபோது என் கணவரும் இப்படித்தான் சிரித்தார்.

நீங்கள் கங்கு அண்ணன் என்று கூப்பிட்ட என் கணவரை இந்த வார்ப்படக் கூடத்தில் தெரியாதவர் உண்டா? இரும்பை உருக்கும் உலைக்கு முன்னால் பாதி ஆயுளை நின்று கழித்தவர். அங்கே ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்குத் தெரியும். வியர்த்துக் கொட்டியதும் நாக்கில் ஒரு சிட்டிகை உப்பு, மேலே ஒரு சொம்புத் தண்ணீர். அந்த அனலுக்கு அது தேவையாக இருந்திருக்கலாம். பிறகு அவரை வார்ப்பு அச்சுகளை அடுக்கி வைக்கும் கிடங்குக்கு மாற்றினார்கள். தலைக்கு மேல் காற்றாடி, உட்கார நாற்காலி. அனல் போனது, வியர்வை போனது. உப்பு போனதா? சட்டைப் பையிலேயே இருந்தது.

ரத்த அழுத்தம் எகிறிவிட்டது என்றார் மருத்துவர். அன்றே வீட்டில் உப்பைக் குறைத்தேன். முதல் நாள் ஒரு வாய் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"என்னடி இது, காகிதத்த வேகவச்ச மாதிரி இருக்கு?"

"சாப்பிடுங்க, நாக்கு தானா பழகிக்கும்."

"சரி, பழகட்டும், பழகட்டும்."

அதற்குப் பிறகு அவர் முகம் சுளிக்கவே இல்லை. நானும் என் மகளும் அதே சாப்பாட்டைத்தான் சாப்பிட்டோம். மனுஷன் திருந்திவிட்டார் என்று பூரித்துப் போனேன். ஆனால் அழுத்தம் இறங்கவில்லை. மருத்துவர் மாத்திரையைக் கூட்டினார், நான் உப்பை இன்னும் குறைத்தேன், அழுத்தமோ இன்னும் ஏறியது. "வீட்ல சரியா பாத்துக்கறீங்களாம்மா?" என்று மருத்துவர் என்னைப் பார்த்துக் கேட்டபோது, கூனிக் குறுகிப் போனேன்.

ஒரு மத்தியானம் கிடங்கிலேயே சாய்ந்தார். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள்.

துக்கம் கேட்க நீங்கள் எல்லோரும் வந்தீர்கள். சாணை பிடிக்கிறவர் என் முன்னால் உட்கார்ந்து விம்மினார். "அழாதீங்க அண்ணி. வீட்ல சப்புன்னு சாப்பிடறாரேன்னு காலையில நான்தான் துளி உப்பு குடுப்பேன். ஆசையா வாங்கிக்குவாரு." அவர் எழுந்து போனதும் இரும்பைப் பற்றவைப்பவர் வந்தார். "மதியம் என் பங்கு அண்ணி. எனக்கும் அவருக்கும் மட்டும் தெரிஞ்ச ரகசியம்." பிறகு தேநீர்க் கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார், "சாயங்காலம் ஒரு வறுவல் பொட்டலம் எடுத்து வச்சிருப்பேன். பாவம், நம்மள விட்டா அவருக்கு யாரு?"

கேட்டீர்களா? ஆளுக்கொரு சிட்டிகை. பாவம் பார்த்துக் கொடுத்த சிட்டிகை. ஒருவர் கொடுப்பது மற்றவருக்குத் தெரியாமல் கொடுத்த சிட்டிகை. வீட்டில் நான் குறைத்துக்கொண்டே இருந்தேன், இங்கே நீங்கள் கூட்டிக்கொண்டே இருந்தீர்கள். பகையாளி கொடுத்திருந்தால் அவர் வாங்கியிருப்பாரா? கை நீட்டி வாங்கியவர் அவர்தான், அதையும் நான் மறைக்கவில்லை. ஆனால் உங்கள் மேல் எனக்குக் கோபமே இல்லை என்று சொன்னால் அது பொய். இருக்கிறது. இன்னும் இருக்கிறது.

இன்று ஏன் இதைப் பேசுகிறேன்? என் கொழுந்தனும் இதே கூடத்தில் உலைக்கு முன்னால் நின்றவன்தான். அவனுக்கும் அழுத்தம். போன வாரம் அவனையும் அதே கிடங்குக்கு மாற்றியிருக்கிறார்கள். அதோ, எழுந்து நிற்கிறான்.

"அண்ணி, போதும், எறங்கி வாங்க. எல்லாரும் பாக்கறாங்க."

பார்க்கட்டும் தம்பி. பார்க்கத்தான் சொல்கிறேன். உட்கார்.

தோழர்களே, உணவுக்கூடத்து மேசைகளில் இருக்கும் உப்புக் கிண்ணங்களை எடுத்துவிடுங்கள். ருசி பார்ப்பதற்கு முன்பே கிண்ணத்துக்குப் போகிற கையைத் தடுங்கள். ரொட்டியிலும் பிஸ்கட்டிலும் வறுவலிலும் ஒளிந்திருக்கும் உப்பையும் கணக்கில் சேருங்கள். உலைக்கு முன் நிற்பவருக்கு எவ்வளவு தேவை என்பதை மருத்துவர் சொல்லட்டும், பழக்கம் சொல்ல வேண்டாம். தாய்மார்களே, குறைத்தால் சில வாரம் நாக்கு முரண்டு பிடிக்கும், பிறகு அடங்கும்.

கிண்ணத்தை எடுத்தாலும் என் கொழுந்தன் இவன் உங்களிடம் கை நீட்டுவான். "வீட்டுச் சாப்பாடு வாயில வைக்க முடியல" என்பான். உங்கள் மனசு இளகும். கொடுக்காதீர்கள். கல்நெஞ்சன் என்று ஏசுவான், சில நாள் முகம் கொடுத்துப் பேசமாட்டான். ஏசட்டும், வாங்கிக்கொள்ளுங்கள். உயிரோடு இருப்பவன்தான் ஏசுவான். என் சமையலைக் குறை சொல்ல என் வீட்டில் இப்போது ஆளில்லை.

எழுந்து போகாமல் இருந்து கேட்டீர்கள். அதற்கு என் நன்றி. வணக்கம்.